மகன் பக்கத்தில் இருக்கும்போது கேட்ட கேள்வி

முதியோர் நலம் பற்றி முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்காகப் புதுச்சேரியில் வீடு வீடாகப் போய் முதியவர்களிடம் கேள்வித்தாள் நிரப்பி வந்தேன். ஒரு வீட்டில், மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எண்பது வயதுத் தாத்தா. அவருடைய மகனும் எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். காபி கொடுத்தவரை எழுந்து போகச் சொல்ல எனக்குக் கூச்சம்.

"வீட்ல யாராவது உங்கள அடிக்கிறாங்களா தாத்தா?"

அவர் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான், "அதெல்லாம் இல்லம்மா" என்றார். 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பதில் தாமதமாக வந்ததால் 'ஞாபகசக்தி குறைவு' என்று ஓரத்தில் வேறு எழுதினேன். பெரிய கண்டுபிடிப்பு!

மூன்று வாரம் கழித்து கோரிமேடு ஆஸ்பத்திரி வார்டில் அவரைப் பார்த்தேன். மகன் தள்ளிவிட்டதில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. என் பெயரைக்கூட அவர் மறக்கவில்லை.

"அவன எதுர்ல வச்சிகினே கேட்டியேம்மா, நான் இன்னான்னு சொல்லுவேன்?"

இப்போது அந்தக் கேள்வியைத் தனியாகத்தான் கேட்கிறேன். வீட்டார் நகர மறுத்தால், மறுத்ததை எழுதி அன்றே பேராசிரியரிடம் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா உயிரோடு வீடு திரும்பவில்லை. அவருடைய தாளில் இன்னும் 'இல்லை' என்றுதான் இருக்கிறது. டிக் அடித்தது நான்.