ஓடுதா, தாவுதா?

இதை நம்பும்படி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. எனக்கே நடந்தது. நள்ளிரவு இல்லை, ஆளில்லாத இடம் இல்லை. நாலாவது மாடியில், விளக்கு வெளிச்சத்தில், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது நடந்தது. மனப்பிரமை என்று சொல்பவர்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில் அது ஒட்டவில்லை.

என் இதயத்துக்குத் தாளம் தெரியாது. நாலு துடிப்பு ஒழுங்காகப் போகும், ஒன்றை விழுங்கும், பிறகு மூன்றை ஒரே மூச்சில் கொட்டும். டாக்டர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். என் வீட்டுக்காரர் அதற்குத் தாவல் என்று பெயர் வைத்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கோளாறு என்னவென்று பார்க்கப் போனால் முதலில் கதவைத் திறக்க மாட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். காது பொய் சொல்லும், கை சொல்லாது என்பார். வேலை முடிந்து வந்ததும் அதே கையை என் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில் வைப்பார்.

"என்ன டெய்லரம்மா, ஓடுதா, தாவுதா?"

"தாவுதுங்க."

"தாவட்டும். ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்காம இருந்தா சரி."

அந்தக் கையில் சுண்டு விரல் நுனி கிடையாது. எப்போதோ ஒரு லிஃப்ட் கதவு கடித்துவிட்டது. என் முதுகில் பதிவது எப்போதும் நாலு விரலும் ஒரு குட்டை விரலும்தான். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பொத்தானையும் இரண்டு தடவை அழுத்துவார். லிஃப்ட், அழைப்பு மணி, டிவி ரிமோட் எல்லாவற்றையும். ஒரு தடவை போதாதா என்று கேட்டால், "முதல் தடவை அதை எழுப்புறதுக்கு. ரெண்டாவதுதான் வேலைக்கு" என்பார்.

தொடை வழியாக ஒரு குழாயை விட்டு, இதயத்துக்குள் தப்புத் தப்பாகத் துடிக்கும் இடங்களைச் சுட்டார்கள். சில மாதங்கள் இதயம் ஒழுங்காக ஓடியது. தினமும் கையை வைத்துவிட்டு, "ஓடுது, ஓடுது" என்று பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி வீட்டைச் சுற்றி வருவார். பிறகு ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்குள் ஒரு மீன் புரண்டது. நான் அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வந்தார். கையை வைத்தார். வெகு நேரம் அதை எடுக்கவில்லை.

"பரவால்ல. சில லிஃப்ட் ரெண்டாவது ரிப்பேர்லதான் சரியாகும்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது தடவைக்குத் தேதி குறிப்பதற்குள் அவர் போய்விட்டார். ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் அறையில், டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஒரு கை சுவரில் ஒட்டியபடியே இருந்ததாம். வீட்டில் எல்லாரும் என் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடையதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு சிகிச்சை வேண்டாம் என்றேன். என்னோடு இருக்கும் நாத்தனார் தினமும் சண்டை போடுவாள்.

"அண்ணன் இருந்தா விட்டிருப்பானா, அண்ணி?"

"இருந்தா நானே போயிருப்பேனே."

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவள் மருந்துக்கடை வேலைக்குப் போனதும், கொக்கியில் தொங்கும் அவர் சட்டையிடம் தினமும் ஒன்று கேட்பேன். "எப்பங்க வருவீங்க, என்னைக் கூட்டிட்டுப் போக?" வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நடுவில் இரண்டு முறை தலைசுற்றி விழப் பார்த்தேன். நாத்தனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க இதயத்தின் ஓட்டத்தை அது பதிவு செய்யும்.

"இந்தப் பட்டன் எதுக்கும்மா?"

"படபடப்போ மயக்கமோ வந்தா அழுத்துங்கக்கா. பீப்னு கேக்கும். மத்த நேரத்துல கை வெச்சிராதீங்க" என்றாள் ஒயர் ஒட்டிய பெண்.

திரும்பி வந்தபோது லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. காலையிலிருந்தே ஓடவில்லை, அதற்கு மின்சாரத்தையே நிறுத்திவிட்டோம் என்றார் காவலாளி. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினேன். நாத்தனார் என்னை உள்ளே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நான் கதவைத் தாழிட்டேன். இதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு வாடிக்கையாளருக்குத் திரைச்சீலை கொடுக்க வேண்டும். கனத்த துணி. ஒரு கை முன்னால் தள்ள வேண்டும், ஒரு கை ஊசிக்குப் பின்னால் இழுக்க வேண்டும். இரண்டு கையும் துணியில்தான் இருந்தன. வெளியே தூறல். ஆறு மணி ஆகப் போகிறது. அவர் வரும் நேரம்.

அப்போது கேட்டது.

லிஃப்ட் ஏறி வரும் சத்தம்.

மிதியிலிருந்து காலை எடுத்தேன். மெஷின் நின்றது. அந்தச் சத்தம் நிற்கவில்லை... உம்ம்ம் என்று, மாடி மாடியாக, மேலே வந்தது.

பழுது அட்டை... மின்சாரம் இல்லை... யாரோ சரி செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மாடியில் நின்றது. இரும்புக் கதவு இழுபட்டது. கிரீச்... டக்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை.

எங்கள் கதவும் திறக்கவில்லை.

ஆனால் அறைக்குள் கிரீஸ் வாசனை வந்தது.

பீப்.

கொஞ்சம் இடைவெளி...

பீப்.

என் இரண்டு கைகளும் துணியில் இருந்தன.

நெஞ்சுக்குள் தாவல் நின்றது. ஓடவும் இல்லை. ஒன்றுமே இல்லை... அறுந்த லிஃப்ட் போல நான் உள்ளே விழுந்துகொண்டிருந்தேன். கண்ணில் இருட்டு. முகம் ஊசியை நோக்கிச் சாய்ந்தது.

முதுகில் ஒரு கை.

வெதுவெதுப்பான கை.

நாலு விரல்...

ஒரு குட்டை விரல்.

டம்.

ஒரே ஒரு துடிப்பு. பிறகு இன்னொன்று. பிறகு ஒழுங்காக, அழகாக, ஒன்றன் பின் ஒன்றாக...

திரும்பவில்லை. திரும்பினால் போய்விடும் என்று தெரிந்தது. பயம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பல் கிட்டியது. ஆனால் அந்தப் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"ஓடுதுங்க" என்றேன்.

கை மட்டும் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் அழுதேன். இடையில் மூக்கைக்கூடத் துடைக்கவில்லை, கை நழுவிவிடுமோ என்று. கடைசியில் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

"என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

கை விலகியது.

அந்த நொடியிலேயே.

முதுகில் அந்த இடம் மட்டும் ஈரத் துணி போட்டதுபோல் குளிர்ந்தது. நெஞ்சுக்குள் பழையபடி மீன் புரண்டது. திரும்பினேன். யாரும் இல்லை. கதவு தாழ் போட்டபடியே இருந்தது. இரவு நாத்தனார் வந்து தட்டிய பிறகுதான் திறந்தேன். லிஃப்டில் வந்தாயா என்று கேட்டேன்.

"எங்க ஓடுது? படியேறித்தான் வந்தேன். உங்க மூஞ்சி ஏன் அண்ணி இப்படி இருக்கு?"

மெஷினை மூடி வைக்கப் போனேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். பதிவைப் பார்த்த டாக்டர் நாற்காலியை எனக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சாயங்காலம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"தைச்சிட்டிருந்தேன்."

"நீங்க சொல்ற தாவல் தானா நின்னிருக்கு. சில பேருக்கு அப்படி நின்னதும் இதயம் உடனே எடுக்காது. உங்களுக்கு ஏழு செகண்ட் எடுக்கலை. அப்புறம் ஒம்பது நிமிஷம் சரியா ஓடி, மறுபடி தாவிடுச்சு. எடுக்காமலே போயிருந்தா நாம இப்படிப் பேசிட்டிருக்க மாட்டோம். பேஸ்மேக்கர் வெச்சே ஆகணும்."

எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. நான் சொன்னால், லிஃப்ட் சத்தமும் கிரீஸ் வாசனையும் மூளைக்கு ரத்தம் குறைந்ததால் என்பார். முதுகில் பட்ட கையும் அப்படித்தான் என்பார். நான் சரி என்று தலையாட்டியிருப்பேன்.

ஒயர் ஒட்டிய பெண் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நல்ல வேளை, பட்டனை அழுத்துனீங்கக்கா. ஆனா ஒரு தடவை போதுமே. எதுக்கு ரெண்டு தடவை?"

டாக்டர் எட்டித் திரையைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"இது நின்னதுக்கு அப்புறம் அழுத்துனது இல்லையே. நிக்கிறதுக்கு முன்னாடியே அழுத்தியிருக்கீங்க. எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

பேஸ்மேக்கர் வைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். நாத்தனார் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

இப்போது என் இதயம் நிற்பதில்லை. நிற்கப் பார்த்தாலும் அந்தக் கருவி விடுவதில்லை. எங்கள் லிஃப்டும் சரியாகிவிட்டது. ஆறு மணி நெருங்கினால் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைக்கிறேன். லிஃப்ட் வருகிறது. யார் யாரோ இறங்கிப் போகிறார்கள்.

ஒரு பொத்தானை அழுத்துவது எதற்கு? நிறுத்தவா, எழுப்பவா, கூப்பிடவா? நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதற்காகத்தான் வந்தாரா? வந்தவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாரா?

அவர் சட்டை கொக்கியில்தான் தொங்குகிறது. இப்போதெல்லாம் அதனிடம் நான் எதுவும் கேட்பதில்லை.