முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

இருதயராஜை நினைத்தால் முதலில் வருவது அந்தக் கள்ளச்சாராய வாடைதான்.

திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி ஓட்டியவர். 1958இல் அவருடைய கிழட்டுக் குதிரை செத்தது. பனமலைப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் யார் கையும் படாமல் வளர்ந்த மூன்று வயதுக் குட்டியைப் பிடித்து வந்தார். ஒரு மாதத்தில் லைசென்சுப் பரிசோதனை. முனிசிபாலிட்டிக்காரர்கள் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கவிடாத குதிரைக்கு லைசென்சு இல்லை, ஸ்டேஷன் வாசலில் இடமும் இல்லை.

அவருடைய கொட்டகையை ஒட்டிய அறையில் நான் குடியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் குதிரைதான்.

அவர் அதை அடிக்கவில்லை, கட்டவும் இல்லை. தினமும் உள்ளே போய், அதற்கு முதுகைக் காட்டிச் சாணத்தருகே குந்திக்கொள்வார். ஊறவைத்த கொள்ளுப் பயறைத் துணியில் வைத்துப் பின்னால் விரித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் கூழ் குடிப்பார். ஸ்டேஷன் ஜட்காக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. அவர்களில் நடராசன் வேலிக்கு மேல் தலையை நீட்டி, வெற்றிலையைத் துப்புவான்.

“இன்னா ராசு, குதிரைய பழக்குறியா, பொண்ணு பாக்குறியா?”

பன்னிரண்டாம் நாள் குட்டி கொள்ளைத் தின்றது. பத்தொன்பதாம் நாள் அவர் தோளில் தாடையை வைத்தது. அவர் அசையவில்லை; குவளையைக் கீழே வைக்கவும் இல்லை. பிறகு கழுத்து, விலா, முன்னங்கால்கள் என்று தொடவிட்டது. இடது பின்னங்காலையும் தந்தது. வலது பின்னங்காலை மட்டும் தரவில்லை.

பரிசோதனை நாள் விடிந்தது. நடராசன் சாராயப் பாட்டிலும் மூங்கில் குழாயுமாக வந்தான். முரட்டுக் குதிரைக்கெல்லாம் ஜட்காக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

அவர் மனைவி லூர்துமேரி கொட்டகை வாசலை மறித்தாள். “வேணாங்க. அது உங்கள நம்பிக்கினு இருக்குது.”

“லைசென்சு போச்சின்னா சோத்துக்கு அதையா போய் கேக்கறது?” என்றார் அவர், அவள் முகத்தைப் பாராமல்.

உள்ளே போய், வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கொள்ளுத் துணியை விரித்தார். குட்டி வந்தது. தாடையைத் தோளில் வைத்தது. சட்டென்று திரும்பி அதன் இரண்டு காதையும் பிடித்து முறுக்கினார். நடராசன் குழாயை வாயில் திணித்துச் சாய்த்தான். அதன் மூக்கு வழியாகவும் சாராயம் வந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் குட்டி தலை தொங்கி, எச்சில் ஒழுக நின்றது. நான்கு குளம்பையும் தூக்கினார்கள். லைசென்சு கிடைத்தது. எல்லோரும் டீ குடித்தார்கள். நடராசன் சிரித்தான், “ஒரு காலைல முடியற வேலைக்கி ஒரு மாசம் குந்திக்கினு இருந்தியே.”

இருதயராஜ் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மதியம் வரை தேய்த்தார். மறுநாள் கொள்ளோடு உள்ளே போனார். பல் பதிந்த முழங்கையில் ரத்தத்தோடு வெளியே வந்தார்.

அந்தக் குதிரை பதினோரு வருஷம் அவர் வண்டியை இழுத்தது. தினமும் காலையில் அதன் மேலுதட்டில் கயிற்றை முறுக்கி, இரண்டு பேர் பிடித்துத்தான் பூட்ட முடிந்தது. கொட்டகைக்குள் போனால் அவர் சுவரோடு ஒட்டியே நடப்பார், முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி.