பங்களாவில் துணி துவைத்தது யார்?

ஒரு மனிதனைச் சிரிப்பாலேயே கூட்டத்திலிருந்து விரட்டியவன் நான். சிரம்பான் சலவைக் கடையில் கஞ்சி போட்ட சட்டையின் வாசனை வரும்போதெல்லாம் சடையன் நினைவுக்கு வருகிறார்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம் அது. லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அப்பா கணக்கு எழுதும் கிராணி. ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்ற பழைய ஆங்கில நாவல்களை நான் மாலையில் தமிழில் சொல்வேன். வெந்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடி தோட்டமே கேட்கும். பிரபு, பாதிரியார், பண்ணைக்காரர் என்று ஒரு முழு ஊரே அந்தக் கதைகளில் இருந்தது. வேலைக்காரர்கள் வரும் பக்கங்களை மட்டும் வீண் என்று தாண்டிவிடுவேன்.

துரைக்குத் துணி வெளுத்த சடையன் எல்லோருக்கும் பின்னால் தள்ளி உட்காருவார். ஒருநாள் கேட்டார்: "தம்பி, கதையில வர்ற அந்தப் பங்களாவுல துணி யாரு தொவைக்கிறா?"

"கதைக்குள்ளயும் அழுக்கு மூட்டையோட வந்துட்டியா?" என்றேன்.

கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு சடையன் வரவில்லை.

கொஞ்ச நாளில் சயாம் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் கேட்டார்கள். "சடையன் போவட்டும். அவன் நம்மள்ல எதுல சேத்தி?" என்றார் கங்காணி. ஒருவரும் மறுக்கவில்லை, நானும்தான். போனவர் திரும்பவில்லை.

பல வருடங்கள் கழித்து அவருடைய மகளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த நாவல்களில் துணி வெளுப்பவளும் இருந்தாள், நான்தான் மறைத்துவிட்டேன் என்றேன்.

"எங்கப்பா கதை கேக்கவா வந்தாரு? ஆளுங்களோட உக்கார வந்தாருங்க" என்றார்.

என்னை அவர் உட்காரச் சொல்லவில்லை.