நாற்பது பேரும் முதுகைக் காட்டினார்கள்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை மதியம். டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிராண்டேயிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் வருகிற ஒரு சின்ன ஊரின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது.

நான் காற்றாலை இறக்கை செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்பவள். கிட்டாரோடு அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுப் பாடுவேன். தமிழச்சிக்கு ஏன் இந்தக் கவ்போய்ப் பாட்டு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். டெனிஷ் மொழியில் நானே எழுதி, வீட்டுக் கராஜில் பதிவுசெய்து, எங்கள் யூலன்ட் பகுதி முழுக்க உள்ள கபேக்களுக்கும் மண்டபங்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் மிகவும் மரியாதையாக வேண்டாம் என்றார்கள். ஓகூஸ் நகரில் ஒருவர், இந்தியப் பாட்டு என்றால் யோசிக்கலாம் என்று எழுதினார். அதை வாசித்த கோபத்தில் இன்னும் இரண்டு கன்ட்ரி பாட்டு எழுதினேன். ரோஷம் எனக்குக் கொஞ்சம் கூட.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சின்ன ஊரில் கன்ட்ரி பாட்டுக்கென்றே இருக்கிற ஒரு கிளப்பின் தலைவி தொலைபேசியில் கூப்பிட்டார். வருகிற ஞாயிறு ஆண்டு விழாவில் பாட வரமுடியுமா, பக்கத்து ஊர்க் கிளப்காரரும் வருவார்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஞாயிறு தவறாமல் எங்காவது மேடை கிடைக்கும் என்றார். அதே வாரம் தொழிற்சாலையில் எனக்கு நிரந்தர வார இறுதி ஷிப்ட் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஷிப்டை எடுத்தால் மேடை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஞாயிறு நடப்பதைப் பார்த்து முடிவெடுப்போம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டு பாட்டுக்கும் எல்லோரும் கோப்பியும் கேக்குமாக மேசையில் இருந்தார்கள். நன்றாகக் கை தட்டினார்கள். மூன்றாவது, நானே எழுதிய பாட்டு. அதைத் தொடங்கியதும் தொப்பியும் பூட்சுமாக நாற்பது பேர் எழும்பி வந்து, வரிசை வரிசையாக நின்று, எல்லோரும் ஒரே மாதிரிக் காலெடுத்து ஆடத் தொடங்கினார்கள். லைன் டான்ஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர அன்றுதான் நேரில் பார்க்கிறேன். என் பாட்டுக்கு ஆடுகிறார்கள்! மனம் குளிர்ந்து, உணர்ச்சி பொங்க, பல்லவியில் ஒரு வரியை நன்றாக இழுத்துப் பாடினேன். அந்த நேரம் பார்த்து நாற்பது பேரும் ஒன்றாகத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டினார்கள்.

இது டெனிஷ்காரர் எதிர்ப்புக் காட்டுகிற முறையாக்கும் என்று நினைத்தேன். இத்தனை நாளும் வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பதுபோல் இருந்தது. தந்திகளைக் கையால் பொத்திவிட்டு, மைக்கிலேயே டெனிஷில் சொன்னேன்: பிடிக்காவிட்டால் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன்.

மண்டபம் அப்படியே நின்றது. சிலர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்த கணவர் ஓடி வந்தார்.

“என்னப்பா, ஏன் நிப்பாட்டினீர்?”

“உங்களுக்குக் கண் தெரியேல்லையே? எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கினம்!”

மைக்கை மூட மறந்துவிட்டேன். நாங்கள் தமிழில் பேசியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் ஆடிய லொறிச் சாரதி ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேடைக்கு வந்தார். சிரிக்காமல் விளக்கினார். இந்த ஆட்டத்தை ஒரு சுற்று இந்தச் சுவரைப் பார்த்தும் அடுத்த சுற்று எதிர்ச்சுவரைப் பார்த்தும் ஆட வேண்டுமாம். நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் முப்பத்திரண்டு தாளத்தில் திரும்பி என்னைப் பார்த்திருப்பார்களாம். பிறகு கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: நீங்கள் அந்த வரியை இழுத்தபோது எங்களுக்குக் காலை எப்போது வைப்பது என்று தெரியவில்லை.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். பக்கத்து ஊர்க் கிளப்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணவர் சத்தமில்லாமல் வயரைச் சுற்றத் தொடங்கிவிட்டார். அதைக் கண்டதும் எனக்கு மறுபடி ரோஷம் வந்தது, இந்தமுறை என்மேலேயே.

“வயரை விடுங்கோ. நான் பாடாமல் போகமாட்டன்.”

மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு ஆடத் தெரியாது, முதலில் ஒரு ஆட்டம் சொல்லித் தாருங்கள், பிறகு பாடுகிறேன் என்றேன். அப்போதுதான் மண்டபம் சிரித்தது.

பதிவுசெய்த பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டார்கள். சாரதிக்கும் தலைவிக்கும் நடுவில் நின்று ஆடினேன். ஆடினேன் என்பது சும்மா பேச்சு. எல்லோரும் இடப்பக்கம் போக நான் வலப்பக்கம் போனேன், அவருடைய பூட்சை இரண்டு தரம் மிதித்தேன். ஆனால் திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. அங்கே பார்ப்பதற்கு ஒரு கூடைப்பந்து வளையத்தைத் தவிர எதுவும் இல்லை. பின்னால் இருந்து வருகிற தாளத்தை நம்பித்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். என்னை அப்படி நம்பித் திரும்பியவர்களோடுதான் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

மேடையேறி அதே பாட்டை முதலிலிருந்து பாடினேன். காலால் பலகையைத் தட்டிக்கொண்டு, ஓரிடத்திலும் இழுக்காமல். அவர்கள் திரும்பினார்கள். நாற்பது பேரின் தோள்களும் என் தாளத்துக்கு ஒன்றாக இறங்கி ஏறின. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் பாட்டை விடவில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வந்திருந்த கிளப்காரரில் சில்க்போர்க்கிலிருந்து வந்த ஒரு பெண்தான் என்னோடு கதைத்தார். அவரும், முதலில் எங்களோடு ஆடிப் பழகுங்கள், பாட்டைப் பிறகு பார்ப்போம் என்றுதான் சொன்னார். திங்கட்கிழமை போய், வார இறுதி ஷிப்ட் வேண்டாம் என்றேன். செவ்வாய்தோறும் வேலை முடிந்து சில்க்போர்க் போய் ஒரு வருடம் ஆடினேன். என் பாட்டுகளில் பாதியைத் திருத்தினேன். இப்போது மாதத்தில் மூன்று ஞாயிறாவது யூலன்டில் ஏதோ ஒரு மண்டபத்தில் பாடுகிறேன். மற்ற நாட்களில் தொழிற்சாலைதான்.

சட்டென்று கோபம் வருகிற குணம் இன்னும் போகவில்லை. யாராவது முகத்தைத் திருப்பினால் உள்ளே சுர்ரென்று ஏறத்தான் செய்கிறது. ஆனால் அந்த மதியத்துக்குப் பிறகு, எடுத்த பாட்டைப் பாடி முடிக்காமல் நான் யாரோடும் கோபித்துக்கொண்டதில்லை; முடிக்கிற நேரத்தில் பெரும்பாலும் அவர்கள் என் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.