யானையை எடுக்காதீங்க சார்

தபாலில் செஸ் ஆடுவது மெதுவான காரியம். நான் ஒரு நகர்வைக் கார்டில் எழுதிப் போட்டால், கும்பகோணத்திலிருந்து பதில் நகர்வு வர ஒரு வாரம் ஆகும். எதிராளி ஒரு கணக்கு வாத்தியார். ஒரு பத்திரிகையில் முகவரி பார்த்து நானாகச் சவால் விட்டது. நேரில் பார்த்ததில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், தருமபுரத்தில் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன் என்பதை அவருக்கு எழுதவில்லை. மூன்று வருஷத்தில் ஐந்து ஆட்டம், ஐந்திலும் தோற்றேன். ஒரு தடவையாவது ஒரு வாத்தியாரை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

தோற்றாலும் வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு கார்டிலும் நகர்வுக்குக் கீழே ஒரு கேலி. "ஒங்க ராணிக்கு முட்டி வலியா சார், நகரவே மாட்டேங்குது?" "அடுத்த கார்டுல நீங்க காலி." அவர் காலியானதே இல்லை. பதிலில் நகர்வு மட்டும் இருக்கும்.

ஆறாவது ஆட்டத்தில் அமைந்தது. என் யானையை வேண்டுமென்றே காவலில்லாமல் விட்டேன். அவர் ராணி அதை எடுத்தால், என் குதிரை ஒரே தாவலில் ராஜாவை முடித்துவிடும். நகர்வை எழுதினேன். கை அரித்தது. கீழே இதையும் எழுதினேன்: "யானையை எடுக்காதீங்க சார். எடுத்தா குதிரை வந்து கதையை முடிச்சிடும்."

கார்டு தபால்பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் உறைத்தது. பெட்டியைத் திறக்கத் தபால்காரர் வரும்வரை அங்கேயே நின்றேன்.

"அண்ணே, ஒரு கார்டு மட்டும் குடுங்க. ஒரு வரி அடிக்கணும்."

"உள்ள வுழுந்துட்டா அது அவரு கார்டு தம்பி. ஒங்களுது இல்ல."

"ஒங்க சைக்கிளுக்கு எத்தன நாளு ஓசியில காத்தடிச்சிருக்கேன்."

"வேணும்னா காத்தப் புடுங்கிக்கங்க."

அந்த வாரம் நான் பூமியில் இல்லை. சுரக்குடிப் பக்கம் ஒரு சைக்கிளைத் திருப்பி எடுத்துவரப் போனபோது, வயலெல்லாம் கட்டம் கட்டமாகத் தண்ணீரில் மிதந்தது. ஒரு கொக்கு வரப்பில் நேராக நடந்து, நின்று, பக்கவாட்டில் ஒரு அடி வைத்தது. குதிரை போகிற போக்கு. அது பறந்துபோகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கருக்களாச்சேரிக் கரையில் படகுகள் மணலில் ஏறி நின்றன. அலை ஒவ்வொன்றும் யோசித்து யோசித்துத்தான் வந்து விழுந்தது. வாத்தியாரும் இந்நேரம் இப்படித்தான் யோசிப்பார், சிரித்துக்கொண்டே ராணியை வேறு கட்டத்துக்கு மாற்றுவார் என்று பட்டது.

எட்டாம் நாள் பஞ்சர் தண்ணீரில் டியூப்பை அமுக்கிக்கொண்டிருந்தேன். தபால்காரர் சைக்கிளைவிட்டு இறங்காமலே சொன்னார்.

"எடுத்துட்டாரு தம்பி."

"எத?"

"யானைய. ரெண்டு வரி எழுதியும் இருக்காரு."

ஈரக்கையோடு வாங்கிப் படித்தேன். பொடிப்பொடியாக இருந்தாலும் தெளிவான கரும்பலகைக் கையெழுத்து. "மூன்று வருஷமாக உங்கள் மிரட்டலைப் படித்து வருகிறேன், தம்பி. இதற்கெல்லாம் பயந்து யானையை விட முடியாது."

குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். குதிக்கவில்லை. அந்த இரண்டு வரியை மறுபடி மறுபடி படித்தேன். டியூப்பிலிருந்து குமிழி மேலே வந்துகொண்டே இருந்தது.

"இன்னிக்குத் தபால்லயே போயிடும், எழுதுங்க. கிண்டலா நாலு வரி போடுங்க, நானும் படிக்கிறேன்" என்றார் தபால்காரர்.

குதிரையின் நகர்வை எழுதினேன். கீழே ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

"சார், அன்னிக்கு நெசமாத்தான் சொன்னேன்."