நான் பார்க்காத நான்காம் எபிசோட்

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருபது குடும்பம் வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பதுதான் அன்பியம். அன்றைக்கு மட்டும் ஒவ்வொருவரும் எழுந்து, ஈஸ்டர் வரை வரும் இந்த நாற்பது நாளும் எதை விடப் போகிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்கு ஒறுத்தல் என்று பெயர். போன வருடம் பாதிப் பேர் இறைச்சியை விட்டார்கள். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற மாமா ஒருவர் பீடியை விடுவதாகச் சொன்னார். அவர் மனைவி சத்தமாகச் செருமினாள். என் மனைவி சீனியை விட்டாள்.

என் முறை வந்ததும் நான் எழுந்து, அனிமே பார்ப்பதை விடுகிறேன் என்றேன்.

“அது என்ன கறி?” என்று முன்னால் இருந்த பெரியம்மா கேட்டாள்.

“கறி இல்ல பெரியம்மா. ஜப்பான்காரன் வரையுத படம்.”

“பொம்மப் படமா? ஒனக்கு எத்தன வயசு மக்கா?”

நாற்பத்தொன்று. முன்மண்டையில் முடி இல்லை. கோயில் முக்கில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. இத்தனை தகுதிகளோடும் அங்கே நின்று, தியாகியின் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்தத் தியாகத்தில் ஒரு களவு இருந்தது. நான் உயிரை விட்டுப் பார்க்கிற தொடரின் இரண்டாம் பருவம் மே மாதம்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அதுவரை பார்க்க ஒன்றும் கிடையாது. ஆண்டவருக்குக் காலி டப்பாவை வண்ணத்தாளில் பொதிந்து கொடுப்பதுதான் என் திட்டம்.

ஆண்டவர் பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டார். தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் கழிந்து இரண்டாம் நாள் அறிவிப்பு வந்தது: இரண்டாம் பருவம் அடுத்த வாரமே தொடங்குகிறது, சனிக்கிழமைதோறும் ஒரு எபிசோட்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் உப்பு விற்கிற ஒரு பெண். அவளுக்கும் கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு நாகத்துக்கும் ஒப்பந்தம். நாகத்தின் பலத்தை அவள் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும், அவளுக்குத் தெரிந்த ஓர் ஆள் அவள் நினைவிலிருந்து போய்விடுவார். முதல் பருவத்தில் அவள் ஊரைக் காப்பாற்றி முடிக்கையில், அவளுக்கு மிச்சம் இருந்தது தம்பி மட்டும்தான்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பதினொரு பேரை இந்தத் தொடருக்குள் தள்ளிவிட்டவன் நான். நாலு பேர் வளைகுடாவில், மூன்று பேர் விசைப்படகில், ஒருவன் அஞ்சுகிராமத்தில் பேக்கரி, மீதிப் பேர் ஊரில். சனிக்கிழமை எபிசோட் முடிந்ததும் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஏழு நிமிட நீளத்துக்கு ஒரு வாய்ஸ் போடுவேன். எங்கே சிலிர்த்தது, எங்கே இசை பிரமாதம், எங்கே வரைந்தவன் சோம்பேறித்தனம் பண்ணியிருக்கிறான், எல்லாம் அதில் வரும். அந்தக் குரல் வராவிட்டால் அவர்களுக்கு ஞாயிறு விடியாது என்று நம்பியிருந்தேன். அவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் புகழை நேரில் அறியட்டும் என்று மனைவியையும் குழுவில் சேர்த்துவிட்டது நான்தான். முதல் பருவம் முழுக்க அவள் ஒரு கண்ணால் டிவியையும் மறு கண்ணால் உள்ளி வெங்காயம் உரிப்பதையும் பார்த்துக்கொண்டு இருந்தவள்.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் நான் அடுக்களையில் உட்கார்ந்து உள்ளி உரித்தேன். அவள் கூடத்தில் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

“ஞாயித்துக்கெழம தவக்காலத்துக் கணக்குல வராதுன்னு சொல்லுவாவ தெரியுமா? நாளைக்கு நான் பாத்தா தப்பில்ல,” என்றேன்.

“அன்பியத்துல நாப்பது நாளுன்னுதான் சொன்னிய. ஞாயித்துக்கெழம கழிச்சுன்னு சொல்லலியே. வேணும்னா அடுத்த கூட்டத்துல எந்திச்சு நின்னு திருத்திச் சொல்லுங்க.”

நான் அடுத்த உள்ளியை எடுத்தேன்.

அன்று குழுவில் யாரோ “இன்னைக்கு வாய்ஸ் இல்லியாலே?” என்று கேட்க, இவள் நாற்பது நொடிக்கு ஒன்று போட்டாள். பாவம், என் இடம் காலியாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டுப் போட்டதாக எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ஒரு நிமிடம். மூன்றாம் வாரம், நான் கடையில் ஒரு போனைப் பிரித்து வைத்திருக்கும்போது, படகுக்காரன் ஒருவன் வந்து, “மைனி நல்லாச் சொல்லுகாவ மக்கா. நீ சொல்லும்போ நான் வேகத்தக் கூட்டி வச்சுல்லா கேப்பேன்,” என்றான். மைனி என்றால் அண்ணி, என் மனைவிதான். நட்பில்தான் சொன்னான். கையில் இருந்த திருகாணி எங்கேயோ தெறித்துப் போனது. இன்னும் கிடைக்கவில்லை.

நான்காம் எபிசோட் அன்று அவள் கூடத்திலிருந்து எழுந்து வரும்போது கண் சிவந்திருந்தது.

“உள்ளி உரிச்சது நானு. நீ எதுக்கு அழுத?”

“ஒண்ணுமில்ல.”

“தம்பி செத்துட்டானா?”

“நீங்க ஒறுத்தல்ல இருக்கிய. கேக்கக் கூடாது.”

போனை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போய், தென்னை மரத்து மூட்டில் நின்று பேசினாள். ஜன்னல் வழியே கை ஆடுவது மட்டும் தெரிந்தது. குழுவில் வந்து விழுந்த வாய்ஸ் இரண்டு நிமிடம் பதினொரு நொடி.

மறுநாளிலிருந்து ஊரே என்னிடம் உப்பு கேட்டது. கடைக்கு வந்த கூட்டாளி ஒருவன், “ஒரு படி உப்பு கெடைக்குமா?” என்றான். நான் விழிக்க, அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் சிரிப்பு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். குழுவின் பெயரை எவனோ ‘ஒரு படி உப்பு’ என்று மாற்றினான். மஸ்கட்காரன் தன் படத்தை எடுத்துவிட்டு ஒரு உப்புக் குவியலை வைத்தான். நான் கூட்டி வந்த ஆட்கள், நான் தொடங்கிய குழு. என்ன நடக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியாது.

அவள் வாய்ஸ் என் போனிலும் கிடந்தது. பார்க்க மாட்டேன் என்றுதானே சொன்னேன், கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லையே? ஒருநாள் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அமுக்கினேன். “மக்கா…” என்று தொடங்கினாள். உடனே நிறுத்திவிட்டேன். ஒறுத்தலை நினைத்து இல்லை. அந்த ‘மக்கா’ என்னுடையது. ஏழு நிமிடத்தையும் அப்படித்தான் நான் தொடங்குவேன். என் கூட்டாளிகளை என் சொல்லாலேயே என் பெண்டாட்டி கூப்பிடுகிறாள், அவர்களும் கேட்டுவிட்டு அழுகிறார்கள்.

அந்த வார அன்பியத்தில் தலைவியாக இருக்கிற டீச்சர் என்னைக் காட்டி, “பாருங்க, மொகமே வாடிப் போச்சு. ஒறுத்தல்னா இப்படி இருக்கணும்,” என்றார். எல்லோரும் என்னைப் பக்தியோடு பார்த்தார்கள். பக்கத்தில் இருந்து என் மனைவி மெதுவாக, “வாடினது பக்தியிலயாக்கும்,” என்றாள்.

ஈஸ்டர் ஞாயிறு வந்தது. காலைப் பூசை முடிந்து, ஆட்டுக்கறியும் ஆப்பமும் தின்ற கையோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆறு எபிசோட் சேர்ந்து கிடந்தது. எனக்குள் ஒரே எண்ணம்தான்: இன்றைக்கு என் இடத்தைப் பிடித்துவிட வேண்டும்.

நான்காவது வந்தது. ஊரை நோக்கி ஓர் அலை எழும்புகிறது. உப்புக்காரி கடைசித் தடவையாக நாகத்தை அழைக்கிறாள். அலை அமிழ்ந்துவிடுகிறது. மறுநாள் காலையில் தம்பி அவள் கடைக்கு முன்னால் வந்து நிற்கிறான். அவள் சிரித்துக்கொண்டே, என்ன வேண்டும் என்று கேட்கிறாள், புதிதாக வந்த ஆளிடம் கேட்பது போல. அவன் ரொம்ப நேரம் நிற்கிறான். பிறகு, “ஒரு படி உப்பு” என்கிறான். வாங்கிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான்.

எனக்கு மூக்கிலும் கண்ணிலும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. துடைக்கத் துண்டைத் தேடினேன். மனைவி எடுத்து நீட்டினாள்.

ஆறையும் முடித்துவிட்டு வாய்ஸ் போட்டேன். ஏழு நிமிடம் போதவில்லை, ஒன்பது. அலையை எத்தனை அடுக்காக வரைந்திருக்கிறான், புல்லாங்குழல் எங்கே நிற்கிறது, தம்பியின் தழும்பு போன பருவத்தில் இடது கன்னத்தில் இருந்தது இப்போது வலது கன்னத்துக்கு வந்திருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு பேக்கரிக்காரன், “ஹேப்பி ஈஸ்டர் மக்கா. மைனி ஆறாவதுக்கு இன்னும் போடலியே?” என்று எழுதினான்.

அப்போதுதான் நான்காவதுக்கு அவள் போட்ட வாய்ஸை முழுதாகக் கேட்டேன். “மக்கா, அவன் அந்த உப்ப வீட்டுக்குக் கொண்டு போயி என்ன செஞ்சிருப்பான்? கொழம்புல போட்டிருப்பானா? எனக்கு அதுதான் கெடந்து ஓடுது. போடவும் மனசு வராது, களையவும் மனசு வராது. நம்ம ஆளுவ கப்பலுக்குப் போயி ரெண்டு வருசம் கழிச்சு வரும்போ, பிள்ள யாருன்னு கேக்கும்லா…” இப்படியே போயிற்று. அலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தழும்பை அவள் கவனிக்கவே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. நல்லா இருந்ததால்தான் எரிந்தது.

“நான் சொன்னது நல்லா இல்லியா?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க அழுதிய. அதச் சொல்லலியே.”

“அத எப்படிட்டி சொல்லுகது?”

“வாயாலதான்.”

கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே சுற்றினேன். பிறகு தென்னை மூட்டுக்குப் போய் அமுக்கினேன். “மக்கா, நாலாவதுல நான் அழுதுட்டேன். துண்டு நனைஞ்சு போச்சு. இதுக்கு மேல சொல்லத் தெரியல.” ஒன்பது நொடி.

வந்து விழுந்த பதிலை எண்ண முடியவில்லை. படகுக்காரன் அழுகை முகத்தை வரிசையாக அனுப்பினான். குவைத்தில் இருப்பவன், தானும் குளியலறையில் போய் அழுததாக இப்போதுதான் ஒத்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் பெருத்தது. அடுத்த செய்தியும் வந்தது: “லேய், இது மைனி சொல்லிக் குடுத்ததுதான?”

“இல்லலே, நானேதான் அழுதேன்,” என்று அடித்து அனுப்பினேன். ஒருவனும் நம்பவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தவள் கையை நீட்டினாள்.

“போனத் தாங்க. நான் சாட்சி சொல்லுகேன்.”

கொடுக்கவில்லை.