அணையை உடைத்த ஜப்பான் பல்லியும் என் மாமனாரும்

பழைய ஜப்பான் ராட்சதப் பல்லிப் படம் டிவிடியில் கிடைத்தது. இன்று மத்தியானம் போட்டேன். நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் பார்க்கும் மாமனாரும் கூட உட்கார்ந்தார்.

பல்லி ஒரு அணையை உடைத்தது. அவர் துள்ளி எழுந்தார்.

"அம்மிணி, எழுபதுகள்ல இதைய டென்ட் கொட்டாயில பாத்தேன். அப்ப மேல அணையில தண்ணி உடாம நடவெல்லாங் கருகிப்போச்சு. 'ஒடைடா, தண்ணி வரட்டும்'னு கொட்டாயே கத்துச்சு. அப்பறம் பட்டாளம் பல்லியச் சுட்டுச்சு. கல்லெடுத்துத் திரையவே கிழிச்சோம். ஆப்பரேட்டருக்கு மண்டை ஒடஞ்சுது, எனக்கு ரெண்டு பல்லு போச்சு."

சொல்லி முடிப்பதற்குள் படத்தில் பட்டாளம் வந்து சுட்டது. அவர் கையிலிருந்த சொம்பு பறந்தது. டிவி நொறுங்கியது.

"ஏனுங்க மாமா, இன்னுமா கோவம்?"

"வாய்க்காலப் போய்ப் பாரு அம்மிணி. இன்னைக்கும் காஞ்சுதான் கெடக்குது."

புது டிவி வாங்க வேண்டும். பல்லி ஜெயிக்கிற படம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.